சபை பாடாத பாட்டுகள்

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 8

பாட்டுப் புத்தகத்தில் நூற்றுக்கணக்கில் பாட்டுகள் இருக்கின்றன. எங்கள் கிறிஸ்தவ சபையில் சுற்றிச் சுற்றிப் பாடுவது ஒரு சின்ன அடுக்கைத்தான். தெரியாத பாட்டைக் கொடுத்தால் சபை வாயை மூடிக்கொள்கிறது, கொயர் (பாடகர் குழு) மட்டும் பாடி முடிக்கிறது. தெரியாத பாட்டைக் கற்றுக்கொடுப்பதில் உண்மையிலேயே பலன் உண்டா? தெரிந்ததையே மனமாரப் பாடிவிட்டுப் போனால் என்ன குறை?

ஜனவரி 8, இரவு

குறை ஒன்றும் இல்லை. ஆனால் "தெரிந்த பாட்டு" என்று ஒரு தனி ஜாதிப் பாட்டு கிடையாது. எல்லாமே ஒரு காலத்தில் யாரோ தயங்கித் தயங்கிப் பாடியவைதான்.

"தூய தூய தூயா" பாடாத தமிழ்ச் சபை இருக்கிறதா? அதன் ஆங்கில மூலத்தை எழுதியவர் ரெஜினால்ட் ஹீபர், கல்கத்தா பேராயர். 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சிராப்பள்ளியில் இறந்தார், கல்லறையும் அங்கேதான். நாம் இன்று பாடும் மெட்டை ஜான் டைக்ஸ் அமைத்தது 1861-ல். ஹீபர் அந்த மெட்டைக் கேட்டதே இல்லை. நமக்கு ரத்தத்தில் ஊறிய பாட்டு, அதை எழுதியவருக்கே தெரியாத பாட்டு.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். ஆர்மோனியத்தை மூடி வைத்தாயிற்று.

ஜனவரி 9

கேள்வி கேட்டவர் "கற்றுக்கொடுப்பது" என்கிறார். எங்கள் கையில் இருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தில் அதற்கே ஒரு தடை இருக்கிறது. பாட்டின் தலையில் ராகத்தின் பெயர், தாளத்தின் பெயர். சங்கராபரணம், ஆதி தாளம். அவ்வளவுதான், ஸ்வரம் கிடையாது. ராகப் பெயரை வைத்து மெட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே ராகத்தில் ஆயிரம் மெட்டு போடலாம். மெட்டு தெரிந்த பாட்டிமார் இருந்த வரைக்கும் பக்கம் பேசியது. அவர்கள் போனபின் வரிகள் மட்டும் மிச்சம்.

ஆகவே தெரியாத பாட்டு இரண்டு வகை. மெட்டு எங்கோ உயிரோடு இருக்கிறது, நம் சபைக்கு வரவில்லை என்பது ஒன்று. மெட்டே அறுந்துபோனது இன்னொன்று. முதல் வகைக்கு ஒரு முதியவரையும் ஒரு கைப்பேசியையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் போதும். இதை யாரும் அவசரமாக நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன்.

மேலைநாட்டு மெட்டில் பாடும் பாமாலைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கோடுகளில் சுரம் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் இருக்கிறது, பழைய கொயர் ஆட்கள் டோனிக் சோல்ஃபா, அதாவது சுரங்களை எழுத்துகளாகக் குறிக்கும் முறையில் எழுதி வைத்திருப்பார்கள். தாளைப் பார்த்து "ட, ர, ம" என்று பாடியே நாலு குரலையும் பிடித்துவிடும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். புரொஜெக்டர் வந்ததும் தாள் போயிற்று. திரையில் வார்த்தை மட்டும்தான் வருகிறது. இப்போது பாமாலையும் கீர்த்தனை மாதிரி வாய்வழிச் சொத்தாக மாறிக்கொண்டிருக்கிறது. வேடிக்கைதான்.

ஜனவரி 11

மெட்டு அறுந்த பாட்டுக்கு என்ன வழி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாமாலை வகையானால் பழைய வழி ஒன்று உண்டு. அசைக் கணக்கு.

மேலைநாட்டுப் பாட்டுப் புத்தகங்களின் பின்பக்கத்தில் எண்களாக ஒரு அட்டவணை இருக்கும். 8.6.8.6 என்றால் முதல் வரியில் எட்டு அசை, அடுத்ததில் ஆறு, அப்படியே திரும்ப. இந்தக் கணக்கில் ஒத்துப்போகும் எந்தப் பாட்டையும் எந்த மெட்டிலும் ஏற்றலாம். ஜான் நியூட்டனின் "அமேசிங் கிரேஸ்" 1779-ல் அச்சானது. உலகமே இன்று பாடும் மெட்டோடு அது சேர்ந்தது 1835-ல், அமெரிக்காவில் வில்லியம் வாக்கர் தொகுத்த ஒரு புத்தகத்தில். இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் யார் யார் எந்த மெட்டில் பாடினார்களோ.

எனவே தெரியாத வார்த்தைகளைத் தெரிந்த மெட்டில் ஏற்றுங்கள். சபை மெட்டைப் பற்றிக் கவலைப்படாமல் வரிகளைக் கவனிக்கும். எங்களிடம் இது நன்றாகவே நடந்தது.

ஜனவரி 11, கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதை ஒரு நடை நடந்துவிட்டு யோசித்தேன். அந்த வழிக்கு விலை உண்டு.

ஒரு திருமண ஆராதனைக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிறார்கள். வாழ்த்துப் பாட்டு ஒன்றை, அசை ஒத்துப்போகிறதே என்று, "என்னோடிரும், மா நேச கர்த்தரே" மெட்டில் போட்டுவிட்டார்கள். 10.10.10.10, கணக்கு கச்சிதம். முதல் வரி முடிவதற்குள் முன்வரிசை அத்தைமார் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த மெட்டை அவர்கள் கேட்டதெல்லாம் அடக்க ஆராதனைகளில்தானே.

மெட்டு வெறும் வண்டி இல்லை. ஏற்கெனவே ஏறியவர்களின் வாசனை அதில் இருக்கும்.

தமிழுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கில மெட்டு அழுத்தத்தை வைத்துக் கட்டியது. நம் மொழி குறில் நெடிலை வைத்து நடக்கிறது. நீண்ட சுரத்தில் குறில் வந்து விழுந்தால் கேட்பவர் காதில் அது நெடில். வரம் கேட்டுப் பாடுகிற சபை வாரம் கேட்டுப் பாடும். அசை எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து மெட்டு மாற்றாதீர்கள். ஒருமுறை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்.

ஜனவரி 12

சின்னத் திருத்தம், என்னுடையது இல்லை. கீழே ஒருவர், "கீர்த்தனை எல்லாம் வேதநாயகம் எழுதியது, அவர்தான் தமிழின் முதல் நாவலும் எழுதினார்" என்று போட்டிருக்கிறார். இரண்டு வேதநாயகம், ஐயா. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் பிறந்தவர், ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸின் மாணவர், சரபோஜி மன்னரோடு படித்தவர். "பெத்லகேம் குறவஞ்சி" அவருடையது. நாவலாசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, பிறந்தது 1826. கத்தோலிக்கர், முன்சீப் (கீழ்நீதிமன்ற நீதிபதி). அவரும் கீர்த்தனைகள் எழுதினார், அதனால்தான் இந்தக் குழப்பம்.

கீர்த்தனை எல்லாம் ஒரே ஆள் எழுதியதும் இல்லை. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இருக்கிறார், ஜான் பால்மர் இருக்கிறார், முழுப்பெயர் இல்லாமல் பெயரெழுத்து மட்டும் பாட்டின் கடைசியில் அச்சான பலர் இருக்கிறார்கள். அந்தப் பெயரெழுத்துக்காரர்களின் பாட்டுகளில்தான் யாரும் திறக்காத நல்ல பக்கங்கள் அதிகம்.

ஜனவரி 15

சாஸ்திரியாரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இது. நீளமாகப் போகும்.

"தந்தானைத் துதிப்போமே, திருச்சபையாரே" என்று அவர் கூப்பிடுகிறாரே, அதை இன்று பாடும்போது எவ்வளவு இயல்பாக இருக்கிறது! ஆனால் கிறிஸ்தவக் கோயிலுக்குள் தமிழ் மெட்டுகளுக்கு இடம் உண்டா என்பதே ஒரு காலத்தில் சண்டை. ஷ்வார்ட்ஸ் இறந்த பிறகு தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் 1820-களில் பழைய வழக்கங்கள் பலவற்றை நிறுத்தப் பார்த்தார்கள், பாட்டு உட்பட. அதற்கு முன்பே தரங்கம்பாடி மிஷனரிகள் காலத்திலிருந்து ஜெர்மன் மெட்டுகளில் ஞானப்பாட்டு பாடும் பழக்கம் ஊன்றியிருந்தது. அவர்களில் முன்னோடியான சீகன்பால்கு வந்தது 1706-ல். பின்னால் வந்த மிஷனரி பப்ரிசியஸ் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளை லுத்தரன் சபைகள் இன்றும் பாடுகின்றன. அந்த ஜெர்மன் மெட்டு நமக்குப் "பழசு", சொந்த ஊர் ராகம் "புதுசு" என்கிற நிலை அப்படித்தான் வந்தது.

சாஸ்திரியார் எழுதியே எதிர்த்தார். நான் இதைப் பல வருடம் வீரக்கதையாகச் சொல்லிவந்தேன். முழுக்கதையையும் சொல்லவேண்டும். அந்த எதிர்ப்பில் பாட்டுக்காக மட்டும் அவர் வாதாடவில்லை. சபைக்குள் சாதி வேறுபாடு தொடரவேண்டும் என்றும் வாதாடினார். பாட்டு விஷயத்தில் அவர் பக்கம் நிற்கிறேன், மற்றதில் மிஷனரிகள் பக்கம். ஒரே ஆளின் ஒரே எழுத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிய்த்து எடுக்க முடியாது.

பிறகு 1853-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்துச் சபை ஆராதனைக்கென்றே அச்சிட்டார். அங்கே தொடங்கியதுதான் நம் கையில் இருக்கும் புத்தகத்தின் வம்சம். வெளியே தள்ளப்பார்த்த பாட்டு, சாஸ்திரியார் உயிரோடு இருக்கும்போதே உள்ளே வந்துவிட்டது. அவர் இறந்தது 1864-ல்.

ஜனவரி 16

"இதெல்லாம் சரி, நாளை மறுநாள் ஞாயிறு, என்ன செய்ய?" என்று கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். நியாயம்.

சுருதியை இறக்குங்கள். புதுப்பாட்டில் சபை வாயை மூடுவதற்கு மெட்டு தெரியாதது பாதிக் காரணம்தான். மீதி உயரம். கொயரில் சொப்ரானோ பாடும் பெண்ணுக்கு வசதியான இடத்தில் சபை அப்பாமார் என்ன செய்வார்கள்? கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. இரண்டு படி கீழே கொண்டுவந்தால் தொண்டை திறக்கும்.

அப்புறம் வாத்தியம் இல்லாமல் முதலில் ஒரு குரல் பாடட்டும். ஒரே குரல், பயிற்சி பெற்ற இனிமையான குரலாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை, தெளிவாக இருந்தால் போதும். மனிதக் குரலைப் பின்பற்றுவது மனிதக் குரலுக்கு எளிது. கீபோர்டுக்காரர் முகப்பிசை என்று நாலு வரி அலங்காரம் வாசித்தால் மெட்டு எது, அலங்காரம் எது என்று சபைக்குத் தெரியாது.

பல்லவி மட்டும் சபைக்கு, சரணம் கொயருக்கு. கீர்த்தனை வடிவம் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. அடுத்த வாரம் ஒரு சரணத்தைச் சபையிடம் கொடுங்கள். அறிவிப்பு நேரத்தில் "இன்று ஒரு புதிய பாடல் கற்றுக்கொள்வோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டதும் பாதிப்பேர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

ஜனவரி 19

ஒரு வாசகர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை இழுத்துவந்திருக்கிறார். 1761-ல் அவர் சபைப் பாட்டுக்கு ஏழு விதிகள் எழுதினார். எல்லாரும் பாடவேண்டும், தாளத்தில் முந்தவும் கூடாது பிந்தவும் கூடாது, கத்தக் கூடாது. எல்லாம் இன்றைக்கும் பொருந்தும். கத்துவதைப் பற்றிய விதியை எங்கள் மைக் மேல் ஒட்டிவைக்கலாம்.

ஆனால் இன்னொரு விதி, அச்சிட்டபடியே பாடு, எதையும் மாற்றாதே. அங்கேதான் நான் தயங்கி நிற்கிறேன்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் பாட்டெழுதியவர், 2005-ல் மறைந்தார். அவர் வெஸ்லிக்கு நேர் எதிர்த்திசை. கர்நாடக மெட்டுக் கீர்த்தனை மேல்சாதியாரின் இசை, மேலைநாட்டுப் பாமாலை வெளியிலிருந்து வந்தது, உழைக்கிற மக்களின் நாட்டுப்புற மெட்டுக்குக் கோயிலில் ஏன் இடமில்லை என்று கேட்டார். பேச்சுத் தமிழில், நாட்டுப்புற மெட்டில் ஆராதனையே அமைத்தார். நாட்டுப்பாட்டு பாடுகிறவர் கையில் மாறும், அதுதான் அதன் பலம் என்பது அவர் பார்வை.

இங்கே "தெரியாத பாட்டு" என்ற சொல்லே தலைகீழாகிறது. அந்த மெட்டு சபையாருக்கு வீட்டில் தெரியும், வயலில் தெரியும், கோயிலுக்குள் மட்டும் தெரியாது. அப்படி ஒரு பாட்டை முதன்முறை எடுத்தபோது பெரியவர் ஒருவர் கோபமாக எழுந்துபோனதைப் பார்த்தேன். பின்வரிசையில் இருந்த பெண்கள் சொல்லிக்கொடுக்காமலே இரண்டாம் அடியில் சேர்ந்ததையும் பார்த்தேன். இரண்டு காட்சியில் எதை நான் கணக்கில் வைப்பது என்று அன்றைக்கு எனக்குக் குழப்பம். இப்போது இல்லை.

சாஸ்திரியார் பற்றி 15-ஆம் தேதி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். மிஷனரிகளுக்கு எதிராக அவர் கேட்ட கேள்வியை, நூற்றைம்பது வருடம் கழித்து அவர் வகைப் பாட்டுக்கு எதிராகவே அப்பாவு கேட்டார்.

ஜனவரி 20

இல்லை, கீர்த்தனைகளைத் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. கிருஷ்ண பிள்ளையின் "சத்தாய் நிஷ்களமாய்" எனக்கு உயிர். கடினமான தமிழ்தான். குழந்தைகள் பொருள் தெரியாமலே பாடுகிறார்கள், வளர்ந்தபின் ஒருநாள் பொருள் வந்து சேர்கிறது. எளிமை ஒன்றே அளவுகோல் என்றால் இந்தப் பாட்டு முதல் வாரத்திலேயே தோற்றிருக்கும்.

ஜனவரி 24

இவ்வளவு நாள் மெட்டைப் பற்றியே பேசினோம். பொருளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பைபிளில் உள்ள 150 சங்கீதங்களில் பெரிய வகை எது? புலம்பல். நம் பாட்டுப் பட்டியலில் சிறிய வகை எது? அதேதான். ஸ்தோத்திரம், ஜெயம், அழைப்பு, ஒப்புக்கொடுத்தல் எல்லாம் நிரம்பி வழிகின்றன. 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் "ஆனாலும் துதிப்பேன்" என்ற திருப்பம்கூட இல்லை. அதை வைத்து ஒரு சபைப் பாட்டு உங்களில் யாராவது பாடியிருக்கிறீர்களா?

வேலை போனவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் அதே வரிசையில் உட்கார்ந்து "ஆனந்தம்" என்று பாடவேண்டியிருக்கிறது. பாடாமல் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். தெரியாத பாட்டு பலனுள்ளதா என்ற கேள்விக்கு என்னுடைய பலமான பதில் இதுதான். தெரிந்த பாட்டுகளில் இல்லாத ஒன்றைச் சொல்ல வாய் வேண்டும். அந்த ஒன்று பெரும்பாலும் துக்கம். சில நேரம் நீதி. சில நேரம் படைப்பு, மழை, மண்.

ஆகவே புதுப்பாட்டு தேடும்போது "மெட்டு நன்றாக இருக்கிறதா" என்பதற்கு முன் "இதை நாம் வேறு எந்தப் பாட்டில் சொல்கிறோம்" என்று கேட்கிறேன். எங்கேயும் சொல்லவில்லை என்றால் மெட்டு சுமாராக இருந்தாலும் எடுத்துவிடுவேன்.

ஜனவரி 25

"மெட்டு சுமாராக இருந்தாலும்" என்று எழுதியதற்கு மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள். சரி, இறக்கிக்கொள்கிறேன்: மெட்டு சுமாராக இருந்தால் வேறு மெட்டு தேடுவேன். 11-ஆம் தேதிக் குறிப்பில் வழி இருக்கிறது, அத்தைமாரை மனதில் வைத்துக்கொண்டு.

ஜனவரி 29

புலம்பலுக்கு உதாரணம் கேட்டார்கள். யாழ்ப்பாணத் தமிழர் டி. டி. நைல்ஸ், மெதடிஸ்ட் போதகர், 1948-ல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதல் பேரவையில் ஆம்ஸ்டர்டாமில் பிரசங்கித்தவர். ஆசியச் சபைகளுக்காக 1960-களில் ஒரு பாட்டுத் தொகுப்பைப் பதிப்பித்தார். அதில் அவர் 61-ஆம் சங்கீதத்தைத் தழுவி எழுதிய பாட்டு ஒன்று. வரிகள் ஆங்கிலம், பல்லவி "சரணம், சரணம், சரணம்". மெட்டு பஞ்சாபி.

வெளிநாட்டுச் சபைகள் பலவற்றின் பாட்டுப் புத்தகங்களில் இது இருக்கிறது. அங்கே ஒரு சொல்லும் புரியாதவர்கள் சரணம் என்று பாடுகிறார்கள். நம்மவரில் பலருக்கு இப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரியாது. ஒரு தமிழர் எழுதியது, நமக்குத்தான் அந்நியம்.

பல்லவி ஒரே சொல் மூன்றுமுறை. முதல் தடவையிலேயே சபை சேர்ந்துவிடும். பாட்டின் முழு எடையும் சரணங்களில் இருப்பதால் அவற்றைத் தனிக்குரலுக்கு விடலாம்.

இதே காரணத்துக்காகத் தான் பிரான்ஸின் தெசே என்ற துறவியர் சமூகத்தின் பாட்டுகளும் வேலை செய்கின்றன. அங்கே பல நாட்டு இளைஞர்கள் வந்து குவிகிறார்கள், பொதுமொழி கிடையாது. ழாக் பெர்தியே சின்னச் சின்ன வரிகளுக்கு மெட்டமைத்தார், பல லத்தீனில். திரும்பத் திரும்பப் பாடுவார்கள், நாலாவது சுற்றில் யாருக்கும் தாள் வேண்டாம். எங்கள் இளைஞர் கூட்டத்தில் ஒன்றைத் தமிழில் பாடிப் பார்த்தோம். பசங்களுக்குப் பிடித்தது. ஒரு பையன், "அண்ணே, இது எப்ப முடியும்?" என்று மட்டும் கேட்டான்.

பிப்ரவரி 2

தெரிந்த பாட்டின் தெரியாத சரணங்களை மறந்துவிட்டோம். நேரமில்லை என்று முதலும் கடைசியும் பாடி முடிக்கிறோம், நடுவில் உள்ளவை அச்சில் மட்டும் வாழ்கின்றன. "தூய தூய தூயா"வின் மூன்றாம் சரணம், பாவக் கண்ணால் உம் மாட்சியைக் காண முடியுமா என்று கேட்கிறது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு மீதியைப் பாடினால் பாட்டு வெறும் முழக்கமாகிவிடுகிறது. மெட்டு கற்கவேண்டாம், கொயருக்குப் பயிற்சி வேண்டாம், யாரும் எதிர்க்கமாட்டார்கள். புதுப்பாட்டுக்குப் பயப்படும் சபை இங்கிருந்து தொடங்கலாம்.

பிப்ரவரி 6

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: சுருதியை இறக்கினார்களாம், பெயரெழுத்துக்காரர் ஒருவரின் கீர்த்தனையை எடுத்தார்களாம். பல்லவி பரவாயில்லை, சரணத்தில் சபை தொலைந்துபோயிற்றாம். தாளம் சாபு. "இந்தப் பாட்டை விட்டுவிடவா?" என்கிறார்.

விடவேண்டாம். சாபு தாளம் ஆதி மாதிரிச் சமமாக நடக்காது, மூன்றும் நாலுமாக ஏழு. தாளக் கணக்கைச் சபையிடம் விளக்காதீர்கள், விளக்கினால் இன்னும் மோசம். சரணத்தைக் கொயரே பாடட்டும், கீபோர்டின் ரெடிமேட் டிரம்ஸை அணைத்துவிட்டுத் தபேலாக்காரரிடம் கொடுங்கள். அந்தப் பெட்டியில் சாபுவுக்குப் பொருத்தமான தாளம் இருக்காது, இருப்பதை வைத்து வாசித்தால் நாலுக்குள் ஏழைத் திணிப்பார்கள். சபை தொலைந்ததற்கு அது காரணமா என்று முதலில் பாருங்கள். எந்தப் பாட்டு என்று பெயரைப் போடுங்கள், எனக்கு மெட்டு தெரிந்திருந்தால் பதிவு செய்து அனுப்புகிறேன்.